அண்ணன் அழைத்து வந்த இங்கிலாந்து கோச்

எங்கள் அண்ணன் நம்மை விட்டுக் கர்த்தரிடம் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போட வேண்டும், அதில் அண்ணனைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். இனிப்பானதை மட்டும் எழுது என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் ஒத்துக்கொண்டேன். ஊரிலிருந்து இதைப் படிக்கப் போகும் உறவினர்களுக்கு அண்ணனின் அமெரிக்க வாழ்க்கை அவ்வளவாகத் தெரியாது. இங்கே நியூஜெர்சியில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்களில் சிலருக்கு இந்தக் கட்டுரை கசக்கும். கசந்தாலும் கடைசி வரை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் அம்மா இறந்தபோது நான் கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் நாளில் எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டது அண்ணன்தான். வகிடு எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகும். வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தால், "கோணலா இருந்தாத்தான் ஏளா தூரத்துல வரும்போதே நீன்னு தெரியும்" என்பார். மதுரையில் மருத்துவம் படித்து முடித்து, எங்களையெல்லாம் கரையேற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினார்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், இரும்பாலைப் புகை படிந்த ஒரு நகரத்து மருத்துவமனையில் அவருக்கு எலும்பு முறிவுப் பிரிவில் வேலை. எலும்பு அறுவை சிகிச்சையில் தலைமை மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அண்ணனிடம் தொழில் கற்றுக்கொண்ட வெள்ளைக்காரப் பையன்கள் ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். அண்ணன் விண்ணப்பித்த போதெல்லாம், முதியோர் மருத்துவத்தில் நிறைய இடம் காலியாக இருக்கிறதே, அதற்கு முயற்சி செய்யலாமே என்று மிகவும் அன்பாகச் சொன்னார்களாம். அந்த அன்பைத்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல்களில் அவர் கால்பந்து பார்க்கப் போவார். உட்கார இடமில்லாத, நின்றே பார்க்கும் படிக்கட்டுகளில், தொழிலாளிகள் கூட்டத்தோடு தோளோடு தோள் உரசி நிற்பார். அந்தக் காலத்தில்தான் அங்கே அணிகளில் கருப்பின இளைஞர்கள் கூடுதலாக ஆடத் தொடங்கியிருந்தார்கள். பந்து அவர்கள் காலுக்குப் போன உடனே கூட்டம் குரங்கு போல ஊளையிடும். வாழைப்பழத்தை மைதானத்துக்குள் எறிவார்கள். வாசலில் நிறவெறிக் கட்சிக்காரர்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். தங்கள் அணியின் கருப்பு ஆட்டக்காரர் கோல் போட்டுவிட்டால், அதுவரை எதிரணியின் கருப்பு ஆட்டக்காரரைப் பார்த்து ஊளையிட்ட அதே ஆள் அண்ணனைக் கட்டிப் பிடித்துக் குதிப்பானாம். அண்ணன் கையில் அணியின் நிறம் போட்ட கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அடுத்த சனிக்கிழமையும் போவார். ஏன் போனீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். ஆட்டம் பிடிக்கும் என்றார்.

ரூபர்ட்டை அவர் சந்தித்தது மருத்துவமனையில்தான். ஜமைக்காவில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்து வந்து, கீழ்ப் பிரிவு கிளப் ஒன்றில் ஓரத்து ஆட்டக்காரராக ஆடியவர். முழங்கால் முறிந்து அண்ணனிடம் வந்தார். கால் நடக்கிற அளவுக்குத் தேறியது, ஓடுகிற அளவுக்குத் தேறவில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் இருவரும் நண்பர்களானார்கள். கருப்பர்கள் இந்த ஆட்டத்துக்கு நேற்று வந்தவர்கள் அல்ல, விக்டோரியா மகாராணி காலத்திலேயே ஆப்பிரிக்காவில் பிறந்த ஒருவர் இங்கே கோல் கீப்பராக ஆடியிருக்கிறார் என்று ரூபர்ட்தான் அண்ணனுக்குச் சொன்னார். எங்களை ஏன் எப்போதும் ஓரத்தில் நிறுத்துகிறார்கள் தெரியுமா டாக்டர் என்று கேட்பாராம். வேகமாக ஓடுவோம், ஆனால் நடுவில் நின்று யோசித்து ஆட்டத்தை நடத்த மாட்டோம் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள் என்பாராம். குளிர் வந்தால் கருப்பு ஆட்டக்காரன் ஆட மாட்டான் என்றும் ஒரு பேச்சு உண்டாம், பனியில் விழுந்து புரண்டு ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேச்சும் நடக்குமாம்.

கால் போன பிறகு ரூபர்ட் பயிற்சியாளருக்கான தேர்வுகள் எல்லாவற்றையும் எழுதித் தேறினார். கிளப் கிளப்பாக விண்ணப்பித்தார். ஆடுவதற்குக் கதவைப் பாதியாவது திறந்தவர்கள், அணியை நடத்தும் மேனேஜர் வேலைக்குக் கதவையே காட்டவில்லை. அறுபதுகளில் ஒரு சிறிய கிளப்பில் கருப்பர் ஒருவர் மேனேஜராக இருந்திருக்கிறார், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஆளே இல்லை என்று அண்ணன் சொல்வார். தானும் ரூபர்ட்டும் ஒரே வாசலில்தான் நின்றுகொண்டிருந்தோம் என்பது அவருக்குப் புரிய வெகுநாள் ஆகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அண்ணன், அண்ணி, அங்கே பிறந்த மகள் மூவரும் நியூஜெர்சிக்கு வந்தார்கள். தலை நரைக்கத் தொடங்கிய வயதில் அண்ணன் மறுபடியும் பயிற்சி மருத்துவராக முதல் படியிலிருந்து ஏறினார். என்னையும் என் குடும்பத்தையும் இங்கே அழைத்துக்கொண்டவர் அவர்தான். எடிசனில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்தோம். ஓக் ட்ரீ ரோட்டில் நம் கடைகள் ஒன்றிரண்டு தலைகாட்டத் தொடங்கிய காலம். சனிக்கிழமை நண்பகலில் அவர் வீட்டில் சாப்பாடு தாமதமாகும். சிற்றலை வானொலியில் இங்கிலாந்து ஆட்ட முடிவுகள் வாசிப்பார்கள். வாசிப்பவர் முதல் அணியின் பெயரைச் சொல்லும் குரலிலேயே அண்ணன் முடிவைச் சொல்லிவிடுவார். சாம்பார் ஆறிப்போகிறது என்று அண்ணி முணுமுணுப்பார்.

நம் தமிழ்ச் சங்கம் வளர்ந்ததும், தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வைத்து ஒரு சாக்கர் அணி தொடங்கினார்கள், கால்பந்துக்கு இங்கே அதுதான் பெயர். அண்ணன்தான் முதலில் அதைப் பார்த்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்கு நடுவே ஓடிவந்து ஓடிப்போகும் மனிதரால் என்ன செய்ய முடியும்? போன ஊரிலெல்லாம் தோற்றோம். முறையான கோச் வேண்டும் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். அந்தச் சமயம் ரூபர்ட் நியூஜெர்சிக்கே வந்திருந்தார். அவருடைய தங்கை ஈஸ்ட் ஆரஞ்சில் நர்ஸ். இங்கேயாவது ஏதாவது வழி பிறக்கும் என்று வந்தவர், பார்சல் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் சங்கக் கமிட்டியில் எழுந்து, இங்கிலாந்தில் தொழில்முறையாக ஆடியவர், பயிற்சியாளர் தேர்வெல்லாம் முடித்தவர் ஒருவர் எனக்கு நண்பர், அழைத்து வரட்டுமா என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இங்கிலாந்து கோச் வருகிறார் என்ற செய்தி வாரத்துக்குள் நியூஜெர்சி முழுக்கப் பரவிவிட்டது.

அவர் என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. இங்கிலாந்து என்றால் வெள்ளை என்று நம்மவர்கள் நினைத்திருப்பார்கள் என்பது அண்ணனுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் அவருடைய குணம்.

அறிமுக விருந்து சங்கத் தலைவர் வீட்டில். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியிருந்தார்கள், அது அவர் மகள் நிச்சயதார்த்தத்துக்குக்கூடக் கழற்றப்படாதது. வடை, போண்டா எதுவும் கூடாது என்று முடிவு செய்து, எங்களில் யாரும் அதுவரை ஆசைப்பட்டுச் சாப்பிட்டிராத வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை அடுக்கி வைத்தோம். எங்கிருந்தோ ஒரு பீங்கான் டீப்பாட் வந்தது. அண்ணன் ரூபர்ட்டை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போயிருந்தார். மணி அடித்தது. தலைவர் கதவைத் திறந்தார். நான் தட்டோடு அவர் பின்னால் நின்றிருந்தேன்.

"பேஸ்மென்ட் கதவு அந்தப் பக்கம்" என்று தலைவர் ஆங்கிலத்தில் கையைக் காட்டினார். அன்று அவர் வீட்டு வாஷிங் மெஷினைப் பார்க்க ஆள் வர வேண்டியிருந்தது.

ரூபர்ட் நகரவில்லை. "நான்தான் கோச்" என்றார்.

தலைவர் அவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தார். உள்ளே இருந்த ஒரு அங்க்கிளும் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்து, "டாக்டர் கோச்சோட பார்க் பண்ணிட்டு வருவார்" என்று தமிழில் சொன்னார். அண்ணன் தனியாக வந்தார். ரூபர்ட் எங்கள் எல்லோருக்கும் சங்கடம் தீரட்டும் என்று அந்த உப்புச்சப்பில்லாத சாண்ட்விச்சை எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். யாரும் ஒரு மரியாதைக் குறைவான வார்த்தை பேசவில்லை. நம்மவர்கள் பேச மாட்டார்கள், நம் வழக்கம் வேறு.

ஆனால் பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. பள்ளி ஆசிரியர்கள் பாதியாக வெட்டிக் கூப்பிடும் தமிழ்ப் பெயர்களை ரூபர்ட் முழுதாகச் சொல்லக் கற்றுக்கொண்டார். பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள் என்று ஓயாமல் சொல்லுவார். அண்ணனுடைய மகளைக் கோல் காக்க நிறுத்தினார். ஒல்லிப் பெண், யாரும் அவளை அங்கே நிறுத்தியிருக்க மாட்டார்கள். முதலில் குறைவாகத் தோற்றோம், பிறகு சமன் செய்தோம், இலையுதிர் காலத்தில் ஜெயிக்கத் தொடங்கினோம். அண்ணனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஜெர்சி சிட்டிப் பக்கம் நம்மவர்களைத் தெருவில் மறித்து அடிக்கிறார்கள் என்ற செய்திகள் வரத் தொடங்கின. நெற்றிப் பொட்டைச் சொல்லித் திட்டினார்கள். பெண்கள் தனியாகக் கடைக்குப் போகப் பயந்தோம். ஒரு ஊரில் ஆட்டத்தின்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நம் பிள்ளைகளையும் ரூபர்ட்டையும் சேர்த்துக் கேவலமாகக் கத்தினார்கள். பயம் பொய் இல்லை. எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் சர்ச் பேஸ்மென்டில் கமிட்டி கூடியது, அதில் நானும் இருந்தேன்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று தலைவர் ஆரம்பித்தார். "ரூபர்ட் ரொம்ப நல்ல மனுஷன். ஆனா சிச்சுவேஷன் சரியில்ல. என் ஆபீஸ்ல ஜிம்னு ஒருத்தர், அமெரிக்கன், ஹெல்ப் பண்றேன்னு சொல்றார். அவர் கோச்சா இருக்கட்டும். ஒரு ஒயிட் ஃபேஸ் முன்னால நின்னா யாரும் பசங்களத் தொட மாட்டாங்க. ரூபர்ட் கூட இருந்து அசிஸ்ட் பண்ணட்டும்."

"ஜிம் சாக்கர் ஆடியிருக்காரா?" என்றார் அண்ணன்.

"பேஸ்பால் ஆடியிருக்கார். சாக்கர் ரூபர்ட் சொல்லிக்கொடுப்பார்ல?"

"அப்போ வேலை ரூபர்ட்டுக்கு, பேரு ஜிம்முக்கு. அப்படித்தானே?"

அண்ணன் எழுந்து நின்றார். கோபம் வந்தால் அவருக்கு அமெரிக்காவும் இங்கிலாந்தும் மறந்து திருநெல்வேலி வந்துவிடும்.

"அம்பது அறுபது வருசத்துக்கு முன்னால இங்கிலாந்து டீமுக்கு ஒரு கருப்பரத் தேர்ந்தெடுத்தாங்க. அவரு போடுத கோலக் கேள்விப்பட்டு எடுத்தாங்க. ஆளு என்ன நிறம்னு தெரிஞ்சதும் பேர எடுத்துட்டாங்க. கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்ல. அது வெள்ளைக்காரன் செஞ்சது. நீங்க யாரு? ரூபர்ட்டப் பத்திக் கேள்விப்பட்டுக் கை தட்டுனீங்க, பாத்ததும் இப்போ இதச் செய்யுதீங்க. நம்ம பிள்ளைங்கள அடிக்கிறவன் நம்மள என்ன நிறம்னு நெனச்சு அடிக்கிறான்?"

"அது இங்கிலாந்து டாக்டர், இது வேற" என்றார் ஒருவர். "நமக்கே ப்ராப்ளம், இதுல அவங்க ப்ராப்ளமும் நமக்கெதுக்கு?" என்றார் ஒரு ஆன்ட்டி. கை தூக்கச் சொன்னார்கள். ஜிம்முக்காகக் கைகள் உயர்ந்தன. எதிர்த்து அண்ணனும் நானும்.

ரூபர்ட்டிடம் நானே சொல்கிறேன், அதுவரை யாரும் வாய் திறக்காதீர்கள் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். அதற்கு மட்டும் எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை காலை, நெடுஞ்சாலை விபத்து ஒன்றுக்காக அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துவிட்டார்கள். அவர் கத்தியைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மைதானத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் தலைவர் ஜிம்மை அறிமுகப்படுத்தினார், இவர்தான் இனி உங்கள் கோச் என்று. ரூபர்ட் பெற்றோர் வரிசையில் அண்ணன் முகத்தைத் தேடினார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஜிம்மிடம் கொடுத்தார். அன்றைய பயிற்சியை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஜிம் பாவம், எதுவும் தெரியாமல் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

"டாடி, யூ டோல்ட் ஹிம் ஹி வாஸ் த கோச்" என்று அண்ணன் மகள் வீட்டில் அழுதாள், அவரிடம் நீங்கள்தான் கோச் என்று சொன்னது நீங்கள்தானே என்று. அண்ணன் உடனே காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். ஈஸ்ட் ஆரஞ்சில் ரூபர்ட் கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொன்னார், அண்ணன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினார். நான் எதிர்த்துப் பேசினேன், எதிர்த்துக் கை தூக்கினேன் என்றார்.

"நம்புகிறேன் டாக்டர்" என்றார் ரூபர்ட். "பிறகு அந்த அறையைவிட்டு வெளியே வந்துவிட்டீர்களா?"

அண்ணன் இல்லை என்று தலையசைத்தார்.

"இங்கிலாந்திலும் அந்த ஊளை பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்தில் வந்து நின்றார்கள்" என்றார். குரலில் கோபமே இல்லை. அடுத்து வந்த வசந்த காலத்தில் ரூபர்ட் இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்டார்.

அண்ணன் சங்கத்தை விட்டு விலகவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. பொங்கலுக்குப் போனார், கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டினார், கமிட்டிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளின் முறிந்த கைகளுக்குக் கட்டுப் போட்டார். "விலகிடுங்களேன் அண்ணே" என்றேன் ஒரு நாள். "விலகி எங்க ஏளா போக? இந்த ஊர்ல நமக்குன்னு வேற யாரு இருக்கா?" என்றார். ஆனால் மைதானத்துக்கு அவர் மறுபடியும் போகவில்லை. சனிக்கிழமை சாப்பாடு சரியான நேரத்துக்கு நடந்தது. வானொலியை யாரும் தொடுவதில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் கணையத்தில் புற்றுநோய். மருத்துவர் என்பதால் அவரை ஏமாற்ற எங்களால் முடியவில்லை. தன் ஸ்கேன் படத்தைத் தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அண்ணியிடம் கொடுத்துவிட்டார். வலியில் ஒரு நாளும் முனகியதில்லை. தலைவர் பழக்கூடையோடு பார்க்க வந்தபோது மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். "சங்க ஆண்டு மலர்ல நம்ம டீமப் பத்தி எழுதுவீங்கள்ல, அதுல முதல் கோச் ரூபர்ட்னு போட்டுடுங்க. அது போதும் எனக்கு."

"பார்க்கலாம் டாக்டர், முதல்ல ஹெல்த்தப் பாருங்க" என்றார் தலைவர்.

ஆண்டு மலர் வந்தபோது அண்ணனுக்கு இன்னும் நினைவு தப்பியிருக்கவில்லை. நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. எங்கள் அணியை உருவாக்கிய கோச் என்று ஜிம்மின் படம் இருந்தது. ரூபர்ட் என்ற பெயர் எங்கும் இல்லை. இன்னொரு தடவை வாசி என்றார் அண்ணன். வாசித்தேன். கண்ணாடியைக் கழற்றித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் அண்ணியிடமும் மகளிடமும்தான்.

அண்ணனின் கடைசி மாதங்களில் சமைத்துக் கொண்டுவந்த வீடுகளுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பனியில் எங்கள் வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்தவர்களுக்கும், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் கார் ஓட்டியவர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும், ஊரில் எங்கள் அப்பாவுக்கு இந்தச் செய்தியைச் சொல்லி உடனிருந்தவர்களுக்கும் நன்றி. பெட்டியைச் சுமந்தவர்களில் அன்று ஜிம்முக்காகக் கை தூக்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள் அழுதது உண்மையான அழுகை. அதையும் பார்த்தேன், அதற்கும் நன்றி. வேலை உடுப்போடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரூபர்ட்டின் தங்கைக்கு நன்றி. அவருடைய அண்ணன் இங்கிலாந்தில் அதே இரும்பாலை நகரத்தில் ஒரு பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறாராம், இன்னும் கிளப்புகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறாராம், இன்னும் யாரும் கூப்பிடவில்லையாம்.

இனி ஒரே ஒரு விஷயம். இந்தக் கோடையிலிருந்து பிள்ளைகளின் சாக்கர் போட்டிக்கு அண்ணன் பெயரில் நினைவுக் கோப்பை வைக்கப் போவதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது. அண்ணியும் மகளும் நானும் உட்கார்ந்து பேசிவிட்டோம். அண்ணன் பெயர் வேண்டாம். கோப்பை வைப்பதானால் அதில் ரூபர்ட்டின் பெயரைப் போடுங்கள். அண்ணன் உங்களிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.